டேங்க் நிறைந்தால் வரும் வாடை

ஆகஸ்ட் 9, 2025, சனி

திருவள்ளூர் போய் வந்தோம். கிளம்பும்போதே டேங்கை நிரப்பியிருந்தேன். ஆவடி தாண்டுவதற்குள் அம்மா பின் சீட்டிலிருந்து, "பெட்ரோல் வாடை அடிக்குதுடா, கண்ணாடியை இறக்கு" என்றார். முன் கண்ணாடிகள் இரண்டையும் இறக்கினேன். வாடை குறையவில்லை, கூடிய மாதிரிதான் இருந்தது. வீடு வந்து சேரும்போது அவருக்குத் தலைவலி.

வண்டி 1998ஆம் ஆண்டு மாருதி 800. அப்பா வாங்கியது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் இன்ஜின். பெட்ரோல் போகும் வழி எளிமையானது. பின்பக்கம் அடியில் டேங்க். அங்கிருந்து தரைக்குக் கீழே ஓடும் மெல்லிய இரும்புக் குழாய். முன்னால் இன்ஜின் தலையில் கேம்ஷாஃப்ட் தள்ளும் சின்ன பம்ப், பிறகு கார்புரேட்டர். ஓர் இரும்புத் துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே எங்கெல்லாம் ரப்பர் ஹோஸ் இருக்கிறதோ அங்கெல்லாம் சந்தேகப்படலாம். இருபத்தேழு வயதான வண்டியில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடிந்ததும் வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை, கறை இல்லை. பெட்ரோல் கசிவில் இதுதான் தொல்லை. ஆயில் கசிந்தால் கறுப்பாகத் தேங்கி நிற்கும், தண்ணீர் கசிந்தால் ஈரம் தெரியும். பெட்ரோல் மெல்லக் கசிந்தால் கீழே விழுவதற்குள் ஆவியாகிவிடும். மிஞ்சுவது வாடை மட்டுமே.

மூக்கு பெட்ரோலைக் கண்டுபிடிப்பதில் கெட்டி. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவு இருந்தாலே பலருக்கும் தெரிந்துவிடும். தீப்பிடிக்க வேண்டுமென்றால் காற்றில் ஏறக்குறைய 1.4 சதவீதம் ஆவி சேர வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் மிகப் பெரியது. அந்தத் தூரம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். சமையல் எரிவாயுவுக்குச் சொந்த வாடை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் கலந்து அனுப்புகிறார்கள். பெட்ரோல் தன் எச்சரிக்கையைத் தானே கொண்டு வருகிறது. ஆனால் மூக்கு சீக்கிரம் பழகிவிடும். சில நிமிடம் உள்ளே உட்கார்ந்திருந்தால் வாடை போய்விட்டதாகத் தோன்றும், போயிருக்காது. அதனால் வெளியே நின்று நல்ல காற்றை இழுத்துவிட்டு, கதவைத் திறந்த முதல் மூச்சில் என்ன தெரிகிறதோ அதை மட்டும் நம்புவது என்று முடிவு செய்தேன்.

வாடையை இடம் கேட்டால் சொல்லாது, காருக்குள் அது எங்கும் பரவி நிற்கும். எப்போது வருகிறது என்று கேட்டால் சொல்லும். ஆகவே இந்த நோட்டில் ஒவ்வொரு தடவையும் நான்கு விஷயம் குறிக்கப்போகிறேன். டேங்கில் எவ்வளவு, இன்ஜின் சூடா ஆறியதா, கண்ணாடி திறந்ததா மூடியதா, முன் சீட்டில் அதிகமா பின் சீட்டிலா.

காரணம் தெரியும்வரை அம்மா இந்த வண்டியில் ஏற வேண்டாம். வண்டி கூரைக்கடியில் வேண்டாம், வெளியே காற்றில் நிற்கட்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானட்டைக்கூடத் திறக்கவில்லை. "பழைய வண்டின்னா இப்படித்தான் சார் இருக்கும். ஒரு பெர்ஃப்யூம் வாங்கி மாட்டுங்க" என்றார்கள்.

இந்த பதில் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. பழசானால் வண்டி வாடை அடிக்கும் என்று எந்த விதியும் இல்லை. அப்பா இதை ஓட்டிய காலம் முழுக்க இந்த வாடை கிடையாது. அடைத்து வைத்த பெட்ரோல் எங்கோ வெளியே வருகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருளில்லை. அதன்மேல் மல்லிகை வாசனையை அடித்து மூடுவது, அலாரம் அடிக்கிறதே என்று அதன் வயரைப் பிடுங்குவதற்குச் சமம். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, இப்போதைய தரவிதிப்படி ஒரு சதவீதம் வரை. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பின் சீட்டில் வயதானவர்களையும் குழந்தைகளையும் உட்கார வைத்துக்கொண்டு "இப்படித்தான் இருக்கும்" என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

இன்று ஒரு செய்தியும் படித்தேன். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றிப் பெட்ரோலிய அமைச்சகம் இந்த மாதம் விளக்கம் கொடுத்திருக்கிறது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம், செலவு அதிகம் ஆகாது, சர்வீசின்போதே மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. என் சந்தேகப் பட்டியலில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும் செய்தி. 20 சதவீதக் கலப்புக்கு முதலில் வைத்த கெடு 2030. பிறகு அதை முன்னுக்கு இழுத்து 2025 ஆக்கினார்கள். 2023 பிப்ரவரியில் விற்பனை தொடங்கியது. இப்போது எந்த பங்க்கில் நின்றாலும் அதுதான். இந்த வண்டியின் ஹோஸ்கள் அந்தக் கலவையைக் கனவிலும் நினைக்காத காலத்தில் செய்யப்பட்டவை.

ஆகஸ்ட் 16, சனி

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போதே பானட்டைத் திறந்து உட்கார்ந்தேன். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்தேன். கையில் எல்இடி டார்ச். ஒர்க்‌ஷாப்களில் வயரோடு தொங்கவிடும் குண்டு பல்பு இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. கீழே விழுந்து உடைந்தால் அந்தச் சூடான இழை ஒன்றே போதும்.

முதலில் டிப்ஸ்டிக். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப்புக்குள் ஒரு டயாஃப்ரம் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். அது கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலுக்குள் இறங்கலாம். ஆயில் அளவு தானாக ஏறும், தண்ணீர் மாதிரி நீர்த்துப்போகும், டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் அடிக்கும். அப்படி இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது, பேரிங் போய்விடும். இங்கே ஆயில் வெறும் ஆயிலாகத்தான் மணத்தது. அளவும் சரி. பம்ப்பின் அடியில், டயாஃப்ரம் கிழிந்தால் வெளியே காட்டிக்கொடுப்பதற்கென்றே ஒரு சிறு துளை உண்டு. அதுவும் உலர்ந்திருந்தது.

பிறகு ஒவ்வொரு ஹோஸ் முனையையும் துணியால் துடைத்து, காயவிட்டு, டால்கம் பவுடர் தூவினேன். கேபிளை மாட்டி இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவிட்டுப் பார்த்தேன். பெட்ரோல் ஒரு துளி வந்தாலும் வெள்ளைப் பவுடர் நனைந்து காட்டிக்கொடுக்கும். எங்கும் நனையவில்லை. பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை வளைத்தால் மட்டும் மேல்தோலில் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றன. இன்னும் கசியவில்லை, ஆனால் அதன் காலம் முடிந்துவிட்டது. மாற்ற வேண்டியதில் சேர்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

நோட்டு பேசத் தொடங்கிவிட்டது. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கியதும் வாடை ஏறக்குறைய இல்லை. நேற்று இரவு மறுபடி நிரப்பினேன், இன்று காலை கதவைத் திறந்த முதல் மூச்சிலேயே அடித்தது. அதுவும் பின்பக்கம். இன்ஜின் இரவு முழுக்க ஆறியே கிடந்தது.

இதிலிருந்து நிறையத் தெரிகிறது. கார்புரேட்டரோ பம்ப்போ காரணமாக இருந்தால் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது பெரிய வித்தியாசம் செய்யாது. இன்ஜின் சூடாகி நின்ற பிறகுதான் அதிகம் அடிக்க வேண்டும். டேங்கின் அடிப்பக்கம் துரு ஏறி ஓட்டையாகியிருந்தால் பாதி டேங்கிலும் அடிக்க வேண்டும், தரையில் சொட்டும் விழ வேண்டும். நிரம்பினால் மட்டும் வருகிறது என்றால் கசிவு டேங்கின் மேல்பக்கத்தில். அங்கே இருப்பவை கொஞ்சம்தான். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் தடித்த ஹோஸ், ஊற்றும்போது காற்று திரும்பி வெளியேறுவதற்கான பிரீதர் ஹோஸ், முள் காட்டும் ஃபுளோட் யூனிட் உட்காரும் இடத்தின் கேஸ்கெட், ஆவியைப் பிடித்து வைக்கும் கரித்தூள் டப்பாவுக்கு அதைக் கொண்டுபோகும் மெல்லிய குழாய்.

கண்ணாடியை இறக்கினால் வாடை ஏன் கூடுகிறது என்பதும் இப்போது புரிகிறது. வண்டி ஓடும்போது முன் கண்ணாடி திறந்திருந்தால் உள்ளேயிருக்கும் காற்று அந்த வழியாக வெளியே இழுக்கப்படும். உள்ளே அழுத்தம் குறையும். அதை ஈடுகட்டக் காற்று எங்கிருந்தாவது வர வேண்டுமல்லவா? பின் கதவின் தேய்ந்த ரப்பர் பட்டை வழியாகவும், தரையில் வயர் நுழையும் துளைகள் வழியாகவும் வரும். டேங்குக்கு மேலே தேங்கியிருக்கும் ஆவியை வாரிக்கொண்டுதான் வரும். அம்மாவுக்குக் காற்று வரட்டும் என்று நான் செய்தது அவர் பக்கம் வாடையை இழுத்திருக்கிறது. வாடைக்குக் கண்ணாடியைத் திறப்பதே நம் எல்லோருடைய கையும் முதலில் செய்கிற காரியம். நிற்கும் வண்டியில் அது சரி; ஓடும் வண்டியில், கசிவு பின்னால் இருந்தால், தலைகீழ்.

ஆகஸ்ட் 23, சனி

பெரம்பூரில் அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் போனேன். முந்தின நாள் போனிலேயே சொல்லிவிட்டார்: "டேங்க்ல கம்மியா வெச்சுக்கிட்டு வாங்க தம்பி. ஃபுல்லா இருந்தா இறக்குறது கஷ்டம்." நோட்டை நீட்டினேன். பொறுமையாகப் படித்தார். வேறெதையும் தொடாமல் நேராகப் பின்பக்கம் போனார்.

அவருடைய ஒர்க்‌ஷாப்பில் பள்ளம் இருக்கிறது. அதில் வண்டியை நிறுத்தவில்லை. "பெட்ரோல் வேலைக்குப் பள்ளம் ஆகாது. ஆவி கீழதான் போய் உட்காரும்" என்றார். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். பள்ளத்தில் இறங்கி நிற்கும் ஆளின் முழங்காலைச் சுற்றி அது குளமாகச் சேரும். மேலே நிற்பவருக்கு வாடைகூடத் தெரியாமல் போகலாம். வண்டியை வாசலில் வெயிலில்லாத பக்கம் ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்தார். மிச்ச பெட்ரோலை இரும்பு கேனில் வடித்தார். பிளாஸ்டிக் கேனில் பிடித்தால் நிலைமின்சாரம் சேரும் என்பது அவருக்குப் பள்ளியில் யாரும் சொல்லித் தந்ததல்ல, கண்ணால் பார்த்தது. தீயணைப்பு சிலிண்டர் கை எட்டும் தூரத்தில் இருந்தது. பையன் ஒருவன் போனை எடுத்தான், தள்ளிப்போய்ப் பேசச் சொன்னார்.

டேங்க் இறங்கியது. கண்ணாடியோ டார்ச்சோ தேவைப்படவில்லை. ஊற்றும் வாயிலிருந்து வரும் தடித்த ஹோஸ், வளைவின் மேல்பக்கத்தில், ஏரி வற்றிய பிறகு தரை வெடிக்குமே, அப்படி வெடித்திருந்தது. விரலால் அழுத்தினால் வளையவே இல்லை. வெடிப்புகளில் ஒன்று உள்வரை போயிருந்தது. அதைச் சுற்றிப் பழுப்பாகப் பிசின் கறை. பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் பல நாளில் விட்டுச்செல்லும் கையெழுத்து அந்தக் கறை. டேங்க் நிறைந்து, வளைவில் திரும்பும்போது பெட்ரோல் அங்கே வரை ஏறி அலைந்திருக்கிறது.

பிரீதர் ஹோஸின் நிலைமை வேறு. அது இறுகவில்லை, மாறாக ஊதி, மெத்தென்று, கையில் ஒட்டியது. வெட்டிப் பார்த்தபோது உள்சுவர் கறுப்பாகக் கரைந்து விரலில் வந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து வெடிப்பது வயதின் வேலை. வெயிலும் சூடும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை அப்படி இறுக்கும். உள்ளேயிருந்து ஊதிக் கரைவது எரிபொருளின் வேலை. பழைய ரப்பர் வகைகள் பல எத்தனால் கலந்த பெட்ரோலைக் குடித்து வீங்கும், பலமிழக்கும். ஆகவே எல்லாப் பழியையும் எத்தனால்மேல் போட முடியாது, அதை விட்டுவிடவும் முடியாது. இந்த வண்டியில் இரண்டும் கைகோத்திருக்கின்றன.

ஆகஸ்ட் 25, திங்கள்

புது ஹோஸ் வாங்க ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். முதல் கடையில் ரேடியேட்டர் ஹோஸ் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்து, "சைஸ் ஒண்ணுதான் சார், எல்லாரும் இதைத்தான் போடறாங்க" என்றார்கள். வாங்கவில்லை. ரேடியேட்டர் ஹோஸ் பெரும்பாலும் இபிடிஎம் என்ற ரப்பர். சூடான தண்ணீரை ஆண்டுக்கணக்கில் தாங்கும், பெட்ரோல் பட்டால் சீக்கிரம் வீங்கிக் கெட்டுவிடும். தண்ணீருக்கு நல்லது பெட்ரோலுக்கு எமன். எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள் என்றால், இந்த ஊரில் எத்தனை பின் சீட்டுகளில் இந்த வாடை அடிக்கிறது?

அடுத்த கடையில் கம்பெனி உறையோடு பழைய ஸ்டாக் இருந்தது. உறையின் தேதி பல வருடம் முந்தையது. ரப்பர் அலமாரியில் தூங்கினாலும் வயதாகும். அதுவும் வேண்டாம். கடைசியில் எரிபொருளுக்கென்றே செய்த தடித்த ஃபில்லர் ஹோஸை அளந்து வெட்டிக் கொடுக்கும் கடை கிடைத்தது. மெல்லிய குழாய்களுக்கு எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று மேலே அச்சடித்த ஹோஸ் கேட்டேன். உள்சுவரில் ஃபுளோரோ எலாஸ்டமர் பூச்சு உள்ள ரகம், எத்தனாலைத் தாங்கும். விலை சாதாரண ஹோஸைப் போலப் பல மடங்கு. கடைக்காரர் அதை உள்ளேயிருந்து தேடி எடுத்து வந்தார், அதிகம் பேர் கேட்பதில்லையாம். கிளிப்பும் விளிம்பு மடித்த ரகமே வாங்கினேன். பல் வெட்டிய சாதாரண கிளிப் மெல்லிய ஹோஸை இறுக்கும்போதே அறுக்கும்.

"செலவு அதிகம் ஆகாது" என்று அமைச்சகம் சொன்னது பொய்யில்லை. ஹோஸும் கிளிப்பும் கேஸ்கெட்டும் பெரிய தொகை அல்ல. ஆனால் எந்தப் பாகம், எந்த ரகம், எங்கே கிடைக்கும் என்று ஒரு பட்டியல் பழைய வண்டிக்காரன் கைக்கு யாரும் தரவில்லை. 800இன் உற்பத்தி 2014 ஜனவரியில் முடிந்தது. இன்னும் எத்தனையோ வீடுகளில் அது ஓடுகிறது, பெரும்பாலும் இன்னொரு கார் வாங்க முடியாத வீடுகளில். எரிபொருளை மாற்றும்போதே அந்தப் பட்டியலையும் பங்க்குகளில் ஒட்டியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 30, சனி

ஹோஸ்கள் எல்லாம் மாறின, முன்னால் மயிரிழை வெடித்ததும் சேர்த்து. ஃபுளோட் யூனிட்டின் கேஸ்கெட் புதிது. டேங்கை அண்ணன் தட்டி, சுரண்டி, துருவைத் தேடினார். உடம்பு நன்றாகவே இருந்தது. பின் கதவின் ரப்பர் பட்டையும், தரையில் காணாமல் போயிருந்த ரப்பர் மூடிகளும் போட்டாயிற்று. கசிவை அடைத்தபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அந்த வழியாகச் சைலன்சர் புகையும் வரும். அதில் வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டு.

பழைய வாடை தரை விரிப்புக்கு அடியிலிருக்கும் பஞ்சில் ஊறிக் கிடந்தது. விரிப்புகளை எடுத்து மாடியில் காயப்போட்டேன், கதவுகள் திறந்தபடி வண்டி நாள் முழுக்க வெயிலில் நின்றது.

செப்டம்பர் 1, திங்கள்

எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் இன்று தள்ளுபடி செய்தது. ஆக, இந்த வண்டி வாழப்போவது இந்தப் பெட்ரோலில்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

போன வாரம் டேங்கை நிரப்பினேன். குழாய் தானாக 'டக்' என்று நின்றதும் போதும் என்றேன். பங்க் பையன் "ரவுண்டா போட்டுறலாமா சார்?" என்றான். வேண்டாம் என்றேன். டேங்கின் மேல்பக்கம் காலியாக விட்டிருக்கும் இடம் பெட்ரோல் சூட்டில் விரிவதற்கு. அதையும் நிரப்பினால் பெட்ரோல் ஆவிக்குழாய்க்குள் ஏறி கரித்தூள் டப்பாவை நனைக்கும். நனைந்த கரி ஆவியைப் பிடிக்காது. இருபது முப்பது ரூபாய் கணக்கை முழுசாக்குவதற்காக அதைக் கெடுக்க வேண்டுமா?

நேற்று அம்மாவை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் வரை போனோம். நிரம்பிய டேங்க், ஒருவழி கண்ணாடி மூடி, ஒருவழி திறந்து. எதுவும் இல்லை. அம்மா திரும்பும்போது தூங்கிவிட்டார்.

நின்றபிறகு பானட் பக்கம் மட்டும் கொஞ்ச நேரம் லேசாக அடித்தது. இது வேறு. சூடான இன்ஜினை அணைத்ததும் காற்றோட்டம் நின்று, கார்புரேட்டர் கிண்ணத்தில் மிஞ்சியிருக்கும் பெட்ரோல் சூடேறி ஆவியாகும். கார்புரேட்டர் வண்டிகளுக்கு அது இயல்பு. சிறிது நேரத்தில் அடங்கிவிட வேண்டும், உள்ளே வரக் கூடாது. அடங்காவிட்டால் ஊசி வால்வைப் பார்க்க வேண்டும். நோட்டில் இதற்கும் ஒரு பத்தி திறந்திருக்கிறேன்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் பெட்ரோல் ஃபில்டரை மாற்ற வேண்டும். எத்தனால் டேங்கின் பழைய பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து அங்கேதான் சேர்க்கும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். மழைக்காலத்தில் வண்டியை வாரக்கணக்கில் சும்மா நிறுத்தக் கூடாது.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டார். அவரிடம் ஒரு ஜென்னும் ஓர் ஆம்னியும் இதே வாடையோடு வந்து நிற்கின்றன. ஆர்9 ஹோஸ் சுருளாகவே வாங்கி வைத்துவிடலாம், கடையைக் காட்டுங்கள் தம்பி என்றார். புதன்கிழமை ஜி.பி. ரோட்டுக்குச் சேர்ந்து போகிறோம். அந்த இரண்டு வண்டிக்காரர்களிடமும் அதுவரை டேங்கை நிரப்ப வேண்டாம், வெளியிலேயே நிறுத்துங்கள் என்று சொல்லச் சொன்னேன். முன்பே சொல்லிவிட்டாராம்.